அயல்வீட்டுத் தோட்டத்து இலை தழைகளைக் கேட்டுப் பெற்றுக் கைவினை செய்யும் முறை: குமரி மாவட்டத்தாருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழையும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையும் பெய்யும் கன்னியாகுமரி மாவட்டத்தில், அலங்காரத்துக்கும் கைவினைக்கும் வேண்டிய இலை தழைகளைக் கடையில் வாங்குவது வீண் செலவு என்றே நான் கருதுகிறேன். விளவங்கோடு, கல்குளம் பகுதிகளில் வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டி நிற்காமல் விளைகள் எனப்படும் தோட்டங்களுக்கு நடுவே தனித்தனியாக அமைந்திருப்பதால், முற்றத்தில் குரோட்டனும் செம்பருத்தியும், வேலியோரத்தில் நொச்சியும் பூவரசும், பின்புறத்தில் கமுகும் பலாவும் அயனியும் தென்னையும் நிற்பதைப் பரவலாகக் காணலாம். நாகர்கோவில் நகரத் தெருக்களில் இடம் குறைவு என்றாலும், மதிலுக்கு மேல் எட்டிப் பார்க்கும் காகிதப்பூக் கொடிக்கும் தொட்டிச் செடிகளுக்கும் அங்கே பஞ்சமில்லை. இவை யாவும் யாரோ ஒருவர் தண்ணீர் ஊற்றி வளர்த்தவை. ஆகவே இந்த வேலைக்குக் கத்தி பிடிக்கத் தெரிவதைவிட வாசலில் நின்று கேட்கத் தெரிவது முக்கியம். அதற்கேற்பவே இந்த வழிகாட்டியிலும் கேட்பதற்கும் திருப்பிக் கொடுப்பதற்கும் கூடுதல் இடம் கொடுத்திருக்கிறேன்.

முதலில் செய்யப்போவதை முடிவு செய்யுங்கள்

என்ன செய்யப் போகிறோம் என்று தெரியாமல் தெருவில் இறங்கினால் கண்ணில் பட்டதெல்லாம் அழகாகத் தோன்றும். பாதி மாலைக்குள் வாடிக் குப்பைக்குப் போகும். பருவத்தையும் பண்டிகையையும் ஒட்டி முடிவு செய்வது எளிது. ஓணத்தை ஒட்டி அத்தம் நாள் முதல் திருவோணம் வரை இடும் அத்தப்பூக் கோலத்துக்குப் பூக்களோடு நறுக்கிய பச்சை இலைகளும் தேவைப்படும். இவை அன்றன்று வாடினாலும் குறையில்லை என்பதால் மென்மையான தளிர்களைக்கூடப் பயன்படுத்தலாம். கிறிஸ்துமஸ் குடிலுக்குப் பெரணி, பாசி, உலர்ந்த புல், தென்னம் பன்னாடை (மட்டையின் அடியிலுள்ள வலைபோன்ற நார்) ஆகியவை வேண்டும். குடில் பல நாள் நிற்பதால் உலர்ந்தும் உருவம் கெடாதவையே ஏற்றவை. வாழ்த்து அட்டைகளுக்கும் சட்டமிட்ட படங்களுக்கும் மெல்லிய, தட்டையான, நரம்பு தெளிவாகத் தெரியும் இலைகளைத் தேட வேண்டும். வாசற்கதவில் மாட்டும் இலை வளையத்துக்குத் தடித்த, முற்றிய இலைகள் பொருந்தும்.

தேவையை ஒரு தாளில் இலையின் பெயர், அளவு, நாள் என்று எழுதிக்கொள்வது பின்னர் அயலாரிடம் பேசும்போதும் உதவும். "கொஞ்சம் இலை வேண்டும்" என்று கேட்பவரைவிட, "முற்றிய பலா இலை ஒரு கைப்பிடி வேண்டும்" என்று கேட்பவரிடம் வீட்டுக்காரருக்கு நம்பிக்கை விரைவாக ஏற்படும்.

தெருவைப் பார்த்து அறிந்துகொள்ளுங்கள்

எந்த வீட்டில் என்ன நிற்கிறது, யார் அதைக் கவனிக்கிறார், எப்போது கவாத்து செய்கிறார் (கிளைகளை வெட்டி ஒதுக்குகிறார்) ஆகிய மூன்றையும் அறிந்த பிறகே கேட்கச் செல்ல வேண்டும். காலை நடையின்போது இதைச் செய்யலாம். ஆனால் மதிலோரம் நின்று உள்ளே எட்டிப் பார்ப்பதும், கேட்காமல் கைபேசியில் படம் எடுப்பதும் தவறான எண்ணத்தை உண்டாக்கும். செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருப்பவரைக் கண்டால் நின்று, செடியைப் பற்றி ஒரு வார்த்தை விசாரித்து நகருங்கள். முதல் நாளே எதையும் கேட்காதிருப்பது நல்லது.

மூன்றில் கடைசியாகச் சொன்ன கவாத்து நாள்தான் மிகப் பயனுள்ள தகவல். மழைக்கு முன்பு வேலியை ஒதுக்குவதும், மின்கம்பியில் உரசும் கிளைகளை வெட்டுவதும், பண்டிகைக்கு முன் முற்றத்தைச் சுத்தம் செய்வதும் இங்கே வழக்கம். அன்று வெட்டிப்போட்ட தழை வீட்டுக்காரருக்குச் சுமை; உங்களுக்கு அதுவே சரக்கு. வளர்ந்து நிற்கும் செடியில் ஒரு கிளையைக் கேட்பதற்கும், வாசலில் குவிந்து கிடக்கும் குவியலை அப்புறப்படுத்த உதவுவதற்கும் உள்ள வேறுபாட்டை அயலார் நன்றாகவே உணர்வார்கள். தேங்காய் வெட்ட ஆள் வரும் நாளும் இப்படிப்பட்டதே. அன்று பழுத்த ஓலை, பன்னாடை, உலர்ந்த பாளை எல்லாம் கீழே விழும்; வெட்டுபவர் போன பிறகு கேட்டால் மறுப்பவர் அரிது. ஆனால் மரத்தின் மேல் ஆள் இருக்கும்போது அடியில் போய் நிற்கவே கூடாது.

கேட்கும் முறை

நேரம் முதலில் கவனிக்க வேண்டியது. காலை எட்டு மணிக்குப் பிறகு, சமையல் வேலை நெருக்குவதற்கு முன்பு செல்வது பொருத்தமானது. மாலையில் நான்கு மணிக்குப் பின் செல்லலாம். ஞாயிறு காலையில் பல வீட்டார் ஆராதனைக்கும் திருப்பலிக்கும் சென்றிருப்பார்கள். விளக்கு வைத்த பிறகு செடியிலிருந்து இலையோ பூவோ பறிக்கக் கூடாது என்று கருதுபவர்கள் பலர் உண்டு. செவ்வாய், வெள்ளிக்கிழமைகளில் வீட்டிலிருந்து பொருள் வெளியே கொடுக்கத் தயங்குபவர்களும் உண்டு. இவற்றை நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம்; கேட்கப் போகிறவர் அந்த நேரங்களைத் தவிர்ப்பதே மரியாதை.

நடைக்கு வெளியே நின்று குரல் கொடுத்து, வீட்டார் வெளியே வரும் வரை காத்திருக்க வேண்டும். கையில் கத்தியோடு போய் நிற்பது எவ்விதத்திலும் நன்றாக இராது. கவாத்துக் கத்தரியைப் பைக்குள் வைத்திருங்கள். பழக்கமான வீடானால் அக்கா, அண்ணன், மாமி, பாட்டி என்று வழக்கமான உறவுமுறையிலேயே அழைக்கலாம். ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் பலர் வாழும் மாவட்டம் இது. அவர்களை ஊரார் அழைப்பது போலவே டீச்சர் என்றும் சார் என்றும் அழைப்பது இயல்பாக இருக்கும்.

பேச்சில் நான்கு செய்திகள் இருக்க வேண்டும்: நீங்கள் யார், எதற்காகக் கேட்கிறீர்கள், எவ்வளவு வேண்டும், எங்கே வெட்டுவது என்பதை அவரே தீர்மானிக்கலாம் என்ற உறுதி. எடுத்துக்காட்டாக இப்படிக் கேட்கலாம்:

"டீச்சர், நான் தெருமுனை வீட்டில் குடியிருக்கிறேன். கிறிஸ்துமஸ் குடில் கட்டுவதற்குக் கொஞ்சம் பெரணி தேடுகிறேன். உங்கள் கிணற்றடியில் நன்றாக வளர்ந்து நிற்கிறது. நீங்கள் காட்டுகிற இடத்தில் ஒரு கைப்பிடி எடுத்துக்கொள்ளட்டுமா?"

பெரும்பாலும் கிடைக்கும் பதில், "அதுக்கென்ன மக்ளே, வேண்டியத வெட்டீட்டுப் போ" என்பதாகவே இருக்கும். இந்தத் தாராளத்தை அளவற்ற அனுமதியாக எடுத்துக்கொள்ளக் கூடாது. கேட்ட அளவில் முக்கால் பங்கை எடுத்து, "இது போதும்" என்று சொல்லிவிட்டு, அவர் மேலும் எடுக்கச் சொன்னால் எடுங்கள். அடுத்த முறை அந்த வாசலில் உங்களுக்குக் கிடைக்கும் வரவேற்பை இந்தச் சிறிய ஒழுங்குதான் தீர்மானிக்கிறது.

அனுமதி யாரிடம் பெறுவது என்பதிலும் கவனம் வேண்டும். சிறுவர்கள் தலையாட்டினால் அது அனுமதியாகாது. வீட்டின் உரிமையாளர் ஒருவராகவும் செடியை வளர்ப்பவர் இன்னொருவராகவும் இருப்பார். இயன்றவரை வளர்ப்பவரிடமே கேளுங்கள், ஏனென்றால் எந்தக் கிளையை எடுத்தால் செடிக்கு நல்லது என்பது அவருக்கே தெரியும். வெளிநாட்டில் வேலை செய்யும் குடும்பங்களின் பூட்டிய வீடுகள் நம் ஊர்களில் ஏராளம். அங்கே தோட்டம் காடாக வளர்ந்து கிடந்தாலும், சாவி வைத்திருக்கும் அயல்வீட்டார் மூலம் தொலைபேசியில் உரிமையாளரின் சம்மதத்தைப் பெற்ற பிறகே உள்ளே செல்ல வேண்டும். மதிலைத் தாண்டித் தெருவுக்கு மேல் நீண்டிருக்கும் கிளையும் அந்த வீட்டுக்குரியதே. எட்டும் தொலைவில் இருப்பதால் மட்டும் அது பொதுவாகிவிடாது.

மறுப்பு வந்தால் காரணம் கேட்காமல் நன்றி சொல்லித் திரும்புங்கள். அந்தச் செடி இறந்துபோன தாயார் நட்டதாக இருக்கலாம், கோயிலுக்கு நேர்ந்ததாக இருக்கலாம், முந்தின வாரம் யாரோ கேட்காமல் ஒடித்துப் போனதாகவும் இருக்கலாம். மறுத்த வீட்டாரிடம் மறுநாள் வழியில் முகம் மலரப் பேசுவது, இலை கொடுத்தவரிடம் பேசுவதைவிட அவசியமானது.

இன்னொன்று: இலை கேட்கப் போன இடத்தில் உட்காரச் சொல்வார்கள், கட்டன் சாயா (பால் சேர்க்காத தேநீர்) வரும், செடி வந்த கதை வரும், அதன் பிறகு மகள் வீட்டுக் கதையும் வரும். பத்து நிமிடத்தில் முடித்துவிடலாம் என்று திட்டமிட்டுப் போகாதீர்கள். ஒரு காலைப் பொழுதுக்கு இரண்டு வீடுகளே போதும். அடுத்த தெருவில் யாரிடம் வெள்ளைக் கோடு விழுந்த டிரசீனா இருக்கிறது, யார் வீட்டுச் சீமைப்பலா அடுத்த மாதம் வெட்டப்படப் போகிறது போன்ற செய்திகள் இந்தச் சாயா நேரத்தில்தான் கிடைக்கும்.

கை வைக்கக் கூடாத இடங்களும் செடிகளும்

மாவட்டத்தின் வடக்கிலும் கிழக்கிலும் உள்ள மலைக்காடுகள் 2008-இல் கன்னியாகுமரி வனவிலங்கு சரணாலயமாக அறிவிக்கப்பட்டவை. பேச்சிப்பாறை, கீரிப்பாறைப் பக்கம் சுற்றுலா செல்பவர்கள் வழியோரப் பெரணியையோ ஆர்க்கிட் செடியையோ பிடுங்கி வருவது சட்டப்படி குற்றம். கோயில் நந்தவனங்களிலும் தலமரங்களிலும் கை வைக்கக் கூடாது. மணக்குடிக் கழிமுகத்தின் அலையாத்திச் செடிகளையும் விட்டுவிடுங்கள். குளத்துத் தாமரை பல இடங்களில் குத்தகைதாரருக்கு உரியது. அதே குளத்தை அடைத்துக் கிடக்கும் ஆகாயத்தாமரையை அள்ளிச் சென்றால் வருந்துபவர் யாருமில்லை, அதன் தண்டை உலர்த்திப் பின்னவும் செய்யலாம். ஆனால் ஆழம் தெரியாத குளத்தில் அதற்காக இறங்க வேண்டாம்.

நச்சுச் செடிகளைப் பற்றித் தெளிவாகத் தெரிந்திருக்க வேண்டும். அரளியின் இலை, பூ, தண்டு, வேர் அனைத்தும் நஞ்சு. 2025-இல் புவிசார் குறியீடு பெற்ற தோவாளை மாணிக்க மாலையில் அரளிப் பூவும் நொச்சி இலையும் சேர்ந்து வருவதைப் பார்த்து வீட்டில் முயல்பவர்கள், கட்டி முடித்ததும் கையை நன்றாகக் கழுவ வேண்டும். மிஞ்சிய அரளித் தழையை ஆட்டுக்கோ மாட்டுக்கோ எட்டும் இடத்தில் போடவும் கூடாது, எரிக்கவும் கூடாது. மஞ்சள் அரளியின் கொட்டை உயிரைப் பறிக்கவல்லது. எருக்கம்பாலும் திருகுக்கள்ளிப் பாலும் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. தொட்டிகளில் அழகுக்கு வைக்கும் டிஃபன்பாக்கியாவின் சாறு வாயில் பட்டால் நாக்கும் தொண்டையும் வீங்கும். குரோட்டன் பால் துணியில் பட்டால் கறை போகாது. சேரு மரத்தின் பால் தோலைப் புண்ணாக்கும். காஞ்சொறி பட்டால் எரியும். குழந்தைகளோடு கைவினை செய்பவர்கள் குன்றிமணியைத் தவிர்ப்பது நல்லது. ஓடு உடைந்த குன்றிமணி கடும் நஞ்சு.

உயிரினங்களில், மா, பலா, கொல்லாமா (முந்திரி) ஆகிய மரங்களில் இலைகளைச் சேர்த்துக் கூடு கட்டும் முசிறு எறும்பைக் கவனியுங்கள். சருகுக் குவியலைக் கையால் கிளறாதீர்கள். நீண்ட குச்சியால் தட்டி, சற்றுப் பொறுத்து, பிறகு எடுங்கள். கண்ணாடி விரியன் சருகு நிறத்திலேயே படுத்திருக்கும்.

வெட்டும் முறை

கூர்மையான கவாத்துக் கத்தரி, ஒரு சிறு வெட்டுக்கத்தி, கையுறை, பழைய சாக்கு அல்லது பனையோலைக் கடவம், கால்வாளித் தண்ணீர் ஆகியவை இருந்தால் போதும். வெயில் ஏறுவதற்கு முன் இலைகளில் ஈரம் நிறைந்திருக்கும். நீரில் வைக்க வேண்டிய தழையை அப்போது வெட்டுங்கள். அட்டைக்குள் அழுத்தி உலர்த்த வேண்டிய இலையை மட்டும் பனி முற்றிலும் காய்ந்த பிறகு எடுக்க வேண்டும். ஈரத்தோடு எடுத்தால் பூசணம் பிடிக்கும்.

கிளையை எப்போதும் ஒரு கணுவுக்குச் சற்று மேலே, சாய்வாக வெட்ட வேண்டும். கணுவிலிருந்து புதிய தளிர்கள் கிளைக்கும். உங்களால் செடி அடர்த்தியாவதைப் பார்க்கும் வீட்டுக்காரர் அடுத்த ஆண்டு தாமே அழைப்பார். கையால் ஒடித்தால் பட்டை கிழிந்து செடி அழுகத் தொடங்கலாம். ஒரு செடியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எக்காரணத்தைக் கொண்டும் எடுக்கக் கூடாது. ஒரே பக்கத்தில் எடுத்துச் செடியைக் கோணலாக்கவும் கூடாது. தெருவிலிருந்து பார்த்தால் வெட்டிய இடம் தெரியாதபடி வெட்டுவது நல்ல அளவுகோல்.

தென்னங்குருத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தோரணம், பூக்கூடை, கிளி, சிலுவை என்று குருத்தோலையில் செய்யும் வேலைகள் நம் மாவட்டத்தில் எல்லாச் சமயத்தாரிடமும் உண்டு. ஆனால் தென்னைக்கு ஒரே ஒரு வளர்முனைதான். குருத்தை வெட்டும்போது அந்த முனை சிதைந்தால் மரமே போய்விடும். மேலும், நன்றாக வளரும் தென்னை ஆண்டுக்கு ஏறத்தாழ 12 ஓலைகளையே விடுகிறது. ஒவ்வோர் ஓலையின் இடுக்கிலிருந்தும் ஒரு பாளை வருகிறது. ஆகவே ஒரு குருத்தோலையை வெட்டினால் மரத்தின் ஒரு மாத வளர்ச்சி போகிறது. அந்த இடுக்கில் வரவேண்டிய குலைக்கும் கேடு வரலாம். இதை அறிந்தவர் காய்க்கும் மரத்தில் குருத்து கேட்கத் துணியமாட்டார். வெட்டி அகற்றப்படும் மரம், காய்ப்பு நின்றுபோன மரம், திருமணப் பந்தலில் மிஞ்சிய குருத்து ஆகியவற்றைத் தேடுங்கள். குருத்தோலை ஞாயிறன்று ஆலயத்தில் மந்திரித்துக் கொடுக்கப்படும் ஓலையைக் கைவினைக்கு எடுக்க வேண்டாம். அதைப் பத்திரமாக வைத்திருந்து ஆலயத்துக்கே திருப்பிக் கொடுப்பவர்கள் உண்டு, அதிலிருந்தே சாம்பல் புதனுக்கான சாம்பல் எடுக்கப்படும்.

வாய்க்கால் ஓரத்துத் தாழையை எடுப்பவர்கள், அதன் இலைக்கு இரு விளிம்புகளிலும் அடிப்பக்க நடு நரம்பிலும் முள் இருப்பதை நினைவில் வைக்க வேண்டும். வெட்டிய இடத்திலேயே முள்ளைச் சீவி, அந்தச் சீவலையும் அள்ளி எடுத்துவிடுங்கள். வெறுங்காலோடு நடப்பவர்கள் வரும் வழி அது.

வேலை முடிந்ததும் விழுந்த இலைகளைப் பெருக்கிக் குவித்துவிட்டு, என்ன எடுத்தீர்கள் என்பதை வீட்டாரிடம் காட்டிவிட்டுக் கிளம்புங்கள்.

வீட்டுக்குக் கொண்டுவந்த பின்

உள்ளே கொண்டுபோவதற்கு முன் ஒவ்வோர் இலையின் அடிப்பக்கத்தையும் பார்க்க வேண்டும். செம்பருத்தியில் மாவுப்பூச்சியும், தென்னையிலும் வாழையிலும் சுருள் வெள்ளை ஈயும் சாதாரணமாகக் காணப்படுகின்றன. 2016-இல் இந்தியாவில் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட இந்த ஈ, இலையின் அடியில் வெள்ளைச் சுருள்களாக முட்டையிடும். அது வடிக்கும் தேன்போன்ற திரவத்தில் கரும்பூசணம் படரும். ஒரு வீட்டு நோயை இன்னொரு வீட்டுக்குச் சுமந்து செல்பவராக நீங்கள் மாறிவிடக் கூடாது. பூச்சி கண்ட தழையை உறையிலிட்டுக் கட்டி அப்புறப்படுத்துங்கள். கொடுத்த வீட்டாரிடமும் பக்குவமாகச் சொல்லிவிடுங்கள்.

நல்ல தழையை ஓடும் நீரில் கழுவி, அடியிலுள்ள இலைகளை நீக்கி, தண்டின் நுனியை மீண்டும் சாய்வாக வெட்டி, நிழலில் வாளித் தண்ணீரில் இரண்டு மூன்று மணி நேரம் நிறுத்தி வைக்க வேண்டும். குரோட்டனும் டிரசீனாவும் தண்ணீரை மாற்றிக்கொண்டிருந்தால் ஒரு வாரத்துக்கு மேல் தாங்கும். பெரணி விரைவில் சுருண்டுவிடும் என்பதால் அதை முழுவதுமாகச் சிறிது நேரம் நீரில் அமிழ்த்தி எடுத்து, ஈரத்துணியில் சுற்றி வையுங்கள்.

உலர்த்தலும் பதப்படுத்தலும்

நம் மாவட்டத்தில் இந்த வேலையைச் சோதிப்பது காற்றின் ஈரமே. பல மாவட்டத்தாருக்கு ஒரு மழைக்காலம் என்றால் நமக்கு இரண்டு. ஆகவே ஆண்டு முழுவதற்கும் வேண்டிய உலர் இலைகளை ஜனவரி முதல் மார்ச் வரையுள்ள வறண்ட நாட்களில் சேர்த்துவைப்பது அறிவுடைமை. ஆரல்வாய்மொழி, தோவாளைப் பக்கம் கணவாய்க் காற்று வீசுவதால் அங்கே உலர்வது விரைவு. குலசேகரம், அருமனைப் பக்கம் நிழலும் ஈரமும் அதிகம் என்பதால் கூடுதல் கவனம் வேண்டும்.

அழுத்தி உலர்த்தும் முறைக்குப் பழைய செய்தித்தாளே சிறந்தது. வழவழப்பான வண்ணத் தாள் ஈரத்தை உறிஞ்சாது. இலைகள் ஒன்றன்மேல் ஒன்று படாமல் அடுக்கி, மேலே தாள்களும் பலகையும் வைத்து, கனமான கல்லை ஏற்றுங்கள். முதல் மூன்று நான்கு நாட்கள் தாள்களைத் தினமும் மாற்ற வேண்டும். இந்தச் சலிப்பூட்டும் வேலையை விட்டுவிடுவதால்தான் பெரும்பாலானோரின் இலைகள் கறுக்கின்றன. மொத்தம் ஏழு முதல் பத்து நாட்களில் மெல்லிய இலைகள் தயாராகும். மழைக்காலத்தில் அவசரமென்றால், இரண்டு தாள்களுக்கிடையில் இலையை வைத்து, நீராவி இல்லாத இஸ்திரிப் பெட்டியைக் குறைந்த சூட்டில் விட்டுவிட்டு அழுத்தலாம்.

நரம்பு மட்டும் மிஞ்சும் வலை இலைக்கு அரச இலை மிகப் பொருத்தமானது. முற்றிய இலைகளைத் தண்ணீரில் மூழ்கவிட்டு, சில நாட்களுக்கு ஒருமுறை நீரை மாற்றி வந்தால், இரண்டு முதல் நான்கு வாரங்களில் சதைப்பகுதி அழுகிக் குழையும். பிறகு தட்டையான தட்டில் நீரோடு வைத்து, மெல்லிய பல் தூரிகையால் நடு நரம்பிலிருந்து விளிம்பை நோக்கித் தட்டித் தட்டித் தேய்க்க வேண்டும். நாற்றம் அடிக்கும் வேலை இது. பாத்திரத்தை அயல்வீட்டுச் சன்னலோரம் வைக்காதீர்கள். பொறுமையில்லாதவர்கள் சலவைச் சோடா கலந்த நீரில் இலைகளை மெல்லிய தீயில் கொதிக்கவைத்து ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் இதே நிலைக்குக் கொண்டுவரலாம். அதற்கு எவர்சில்வர் பாத்திரம் தேவை, அலுமினியத்தைச் சோடா அரித்துவிடும். ரப்பர் தோட்டங்களில் டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை உதிரும் இலைகளையும் இவ்வாறே வலையாக்கலாம். தோட்ட உரிமையாளரிடம் சொல்லிவிட்டு, பால்வெட்டு நடக்கும் அதிகாலை நேரத்தைத் தவிர்த்துப் போய் எடுத்து வாருங்கள்.

இலை நொறுங்காமல் வளையும் தன்மையோடு இருக்க வேண்டுமானால் கிளிசரின் முறை உதவும். மருந்துக் கடையில் கிடைக்கும் கிளிசரின் ஒரு பங்குக்கு வெந்நீர் இரண்டு பங்கு கலந்து, தண்டின் நுனியை நசுக்கி, அந்தக் கலவையில் இரண்டு அங்குல உயரத்துக்கு நிறுத்தி வைக்க வேண்டும். யூகலிப்டஸ் போன்ற தடித்த முற்றிய இலைகள் ஒன்று முதல் மூன்று வாரங்களில் அதை உறிஞ்சிப் பழுப்பு நிறமாகி, தோல்போல் மென்மையாகும். தளிர் இலைகளுக்கு இந்த முறை பயன்படாது.

கமுகம்பாளை, பன்னாடை, உலர்ந்த தென்னம்பாளை, ஈர்க்கில் ஆகியவற்றுக்குத் துடைத்து வெயிலில் வைப்பதைத் தவிர வேறெதுவும் வேண்டியதில்லை. எல்லாவற்றையும் அட்டைப் பெட்டியில், இடையிடையே உலர்ந்த வேப்பிலை போட்டு, தரையில் படாமல் உயரத்தில் வையுங்கள்.

வாசல் வளையம் கட்டுதல்

புதியவர்கள் தொடங்குவதற்கு வாசல் வளையமே ஏற்றது, ஏனென்றால் பல வீட்டு இலைகளும் அதில் இடம்பெறலாம். வேலியில் படர்ந்த உறுதியான கொடியைப் பச்சையாக வெட்டி, இலைகளை உருவிவிட்டு, ஏறத்தாழ 30 செ.மீ. குறுக்களவில் நான்கு சுற்றாகச் சுற்றி, முனைகளை உள்ளே செருகுங்கள். நிழலில் ஒரு வாரம் காய்ந்தால் அந்த வடிவத்திலேயே இறுகிவிடும். கொடி கிடைக்காவிட்டால் ஈர்க்கில் கற்றையை வளைத்துக் கட்டலாம்.

பின்னர் நான்கைந்து இலைகளைச் சேர்த்துச் சிறு கொத்துகளாக்குங்கள். முதல் கொத்தை வளையத்தின்மேல் சாய்த்து, நனைத்த வாழைநாரால் இறுகக் கட்டி, அடுத்த கொத்தை முந்தையதன் காம்பு மறையும்படி அதன்மேல் வைத்துக் கட்ட வேண்டும். எல்லாக் கொத்துகளும் ஒரே திசையில் போக வேண்டும். வாழைநார் காயும்போது தளரும் என்பதால் மூன்று கொத்துக்கு ஒருமுறை முடிச்சு போடுங்கள். கடைசிக் கொத்தின் காம்பை முதல் கொத்தின் இலைகளைத் தூக்கி அடியில் செருகினால் தொடக்கம் தெரியாது. பச்சையும் பழுப்பும் கலந்த வளையத்தில் வெள்ளிப் பெரணியின் வெண்மையான அடிப்பக்கம் மேலே தெரியும்படி ஆங்காங்கே வைத்தால் எடுப்பாக இருக்கும். அந்த வெள்ளைப் பொடி தொட்டால் உதிரும். சிறுவர்கள் கையில் அச்சு வைத்து விளையாடுவதும் அதை வைத்துத்தான். ஆகவே அதைக் கடைசியில் சேருங்கள்.

திருப்பிக் கொடுத்தல்

அயல்வீட்டிலிருந்து வந்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பி அனுப்புவதில்லை என்பது நம் வீடுகளின் வழக்கம். இலைக்கும் அதுவே பொருந்தும். பணம் கொடுக்க முயலாதீர்கள், அது பலரைப் புண்படுத்தும். செய்த பொருளையே கொடுங்கள். அதிலும் அவர் கொடுத்த இலை எங்கே இருக்கிறது என்று காட்டிக் கொடுங்கள். வளையம் ஒன்றே செய்திருந்தால், அதே இலையில் ஒட்டிய ஒரு வாழ்த்து அட்டை போதும். பண்டிகைக்கு முன்பே கொண்டுபோய்க் கொடுத்தால்தான் அது அவர் வீட்டில் பயன்படும். பிறகு கொடுப்பது நன்றிக் கடன் தீர்ப்பது போலாகிவிடும்.

அதைவிடச் சிறந்த கைம்மாறு பதியன் கொம்புகள். வளையத்துக்கு எடுத்த குரோட்டன் கிளைகளில் மிஞ்சியவற்றை 15 செ.மீ. நீளத்தில் வெட்டி, மேல் இலைகள் இரண்டை மட்டும் விட்டு, மணல் கலந்த மண்ணில் நட்டால், ஜூன் மாத மழையில் சில வாரங்களில் வேர் பிடிக்கும். ஒரு வீட்டுச் செடியை அது இல்லாத இன்னொரு வீட்டுக்குக் கொண்டுபோகும்போது, யாருடைய செடி என்பதையும் சொல்லிக் கொடுங்கள். ஒரே தெருவில் பேச்சு வைத்துக்கொள்ளாத இரண்டு வீட்டார்கூடச் செடியைப் பற்றி விசாரிக்க வாசலுக்கு வருவதுண்டு. ஆனால் பழைய மனத்தாங்கல் உள்ள வீடுகளுக்கிடையில் செடியின் பெயரைச் சொல்லித் தூது போகும் வேலையை நீங்களாகத் தலையில் போட்டுக்கொள்ள வேண்டாம்.

தனியாக வாழும் முதியவர்களின் தோட்டத்தில் இலை எடுத்தால், அவர்களுக்கு எட்டாத கிளைகளை ஒதுக்கிக் கொடுப்பதும், வடிகாலை அடைத்த சருகை அள்ளிக் கொடுப்பதும் அட்டையைவிட மதிப்புள்ளவை. அவர்களுக்குக் கைவினை தெரிந்திருந்தால் உட்கார்ந்து கற்றுக்கொள்ளுங்கள். ஓலை முடைவதிலும் தாழம்பாய் பின்னுவதிலும் கை பழகிய தலைமுறை இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. அவர்கள் விரல் போகும் வேகத்தைப் பார்த்துக் கற்பதை எந்தக் காணொளியும் தராது.

இறுதியாக ஒரு சிறு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். எந்த வீடு, எந்தச் செடி, எந்த மாதம் கவாத்து, யாரிடம் கேட்டது, என்ன திருப்பிக் கொடுத்தது, எந்த வீட்டுக்கு எந்தப் பதியன் கொம்பு தருவதாகச் சொன்னது ஆகியவற்றை அன்றன்றே எழுதிவிட வேண்டும். மே மாதக் கடைசியில் அதைப் புரட்டி, தருவதாகச் சொன்ன கொம்புகளை எண்ணி, அவற்றுக்கு வேண்டிய பழைய பால் உறைகளையும் மணலையும் சேர்த்து வைத்துவிட்டால், முதல் மழை விழுந்ததும் நடத் தொடங்கலாம்.